தம் முதல் தியான நூலை எழுதியவர் இணையத்தில் வாசகரைச் சென்றடைவது எப்படி?

கடுகுவிதை (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நோயுற்ற உறவினரை வீட்டிலேயே வைத்து நீண்ட காலம் கவனித்துக்கொள்பவர்களுக்கென்று ஒரு தியான நூல் எழுதி, அண்மையில் அதை அச்சுநூலாகவும் அமேசான் கிண்டிலில் மின்னூலாகவும் வெளியிட்டிருக்கிறேன். படுக்கையில் இருந்த என் மாமனாரைக் கவனித்த ஆண்டுகளில், இரவில் விழித்திருந்த நேரங்களில் எழுதிவைத்த குறிப்புகளே பின்னர் நூலாக உருப்பெற்றன. ஒவ்வொரு தியானமும் ஒரு பக்கத்துக்கு மேற்படாது. அதற்கு மேல் வாசிக்க அந்த நிலையில் இருப்பவருக்கு நேரமும் இராது, மனமும் இராது.

இதுவரை வாங்கியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே எங்கள் சபையாரும் உறவினருமே. அவர்களுடைய அன்புக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன். ஆனால் இந்த நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு ஆராதனைக்குக்கூட வர முடியாமல் வீட்டுக்குள் இருப்பவர்கள். அவர்களை இணையத்தின் வழியாகத்தான் சென்றடைய முடியும் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குள்ள தயக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, மனச்சாட்சியைப் பற்றியது. உன் வாயல்ல, புறத்தியானே உன்னைப் புகழட்டும் என்ற பொருளில் நீதிமொழிகள் 27:2 சொல்லும்போது, என் நூலைப் பற்றி நானே நாள்தோறும் பதிவிடுவது தகுமா? இரண்டாவது, முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், சொந்த இணையதளம், மின்னஞ்சல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். வேலைக்குச் சென்று வீட்டையும் கவனிக்கும் எனக்கு இரவில் சிறிது நேரமே கிடைக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? மூன்றாவது, சபையில் சிலர் நூலை வாசிக்காமலேயே ஐந்து நட்சத்திர மதிப்புரை எழுதித் தருவதாக அன்போடு முன்வந்திருக்கிறார்கள், அதை ஏற்கலாமா? வேத வசனங்களைப் படமாக வடிவமைத்துப் பகிர்வதில் பதிப்புரிமைச் சிக்கல் ஏதேனும் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுருள்

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றவற்றில் என்னைவிட அனுபவமுள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நீங்கள் சுட்டிய வசனம் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதைப் பற்றியது. ஒரு நூல் இருக்கிறது, அது இன்னாருக்கென்று எழுதப்பட்டது, இன்ன இடத்தில் கிடைக்கும் என்று தெரிவிப்பது புகழ்ச்சி ஆகாது. கொலோசெயர் 4:16இல் பவுல், தம் நிருபம் (கடிதம்) கொலோசெ சபையில் வாசிக்கப்பட்ட பின்பு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கப்படும்படி செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். 1 தெசலோனிக்கேயர் 5:27இலோ, தாம் எழுதியதைச் சகோதரர் யாவருக்கும் வாசிக்க வேண்டுமென்று ஆணையிட்டே சொல்கிறார். எழுதப்பட்டது உரியவரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. அந்த நிருபங்களைச் சுமந்து சென்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். தீகிக்கு என்பவன் தம் செய்திகளையெல்லாம் நேரில் அறிவிப்பான் என்று கொலோசெயருக்கு எழுதுகிறார். பெபேயாள் என்ற சகோதரியை ஏற்றுக்கொள்ளும்படி ரோமருக்குப் பரிந்துரைக்கிறார். எழுதியவரையும் நன்கு அறிந்து, வாசிப்பவரோடும் நேரில் பேசக்கூடிய மனிதர்களின் வழியாகவே அவை சபைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் ஒரு தியான நூல் பெரும்பாலும் அப்படித்தான் பரவுகிறது என்பது என் கருத்து.

ஆனால் அதே பவுல் 2 கொரிந்தியர் 2:17இல், தேவவசனத்தை ஆதாயத்துக்காகக் கலப்பாய்ப் பேசுகிறவர்களிடமிருந்து தம்மை விலக்கிக் காட்டுகிறார். அங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்த நூலை வாங்கும்படி கர்த்தர் உங்களோடு பேசுகிறார் என்றோ, இதை வாசித்தால் வீட்டில் உள்ள நோயாளி சுகமடைவார் என்ற எண்ணம் எழும்படியோ ஒரு வரிகூட எழுதாதீர்கள். உங்கள் வாசகர் களைத்துப்போயிருப்பவர். நம்பிக்கை தரும் எதையும் பற்றிக்கொள்ளும் நிலையில் இருப்பவர். அவருடைய அந்த நிலையை விற்பனைக்குப் பயன்படுத்துவது பாவம் என்றே நான் கருதுகிறேன். அதேபோல, இதைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் ஆசீர்வாதம் என்ற வகைச் செய்திகளோடு உங்கள் நூலின் பெயர் ஒருபோதும் சேர்ந்துவிடக் கூடாது.

ஒரு பதிவை வெளியிடுமுன் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இந்த நூலை ஒருபோதும் வாங்கப்போகாத ஒருவருக்கு இந்தப் பதிவில் ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் தயக்கமின்றி வெளியிடுங்கள்.

நூற்பட்டறை

கிறிஸ்தவ எழுத்தாளர் பலருடைய நூல்களைச் செப்பனிட்டு வெளியிட உதவிவருகிறேன் என்பதால் நடைமுறைச் செய்திகளைச் சொல்கிறேன்.

சமூக ஊடகத்தில் ஒரு பதிவு இடுவதற்கு முன்னால், அமேசானில் உங்கள் நூலுக்குரிய பக்கத்தைச் சீர்செய்யுங்கள். எங்கிருந்து வாசகர் வந்தாலும் அவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுவே. நூல் விவரத்துக்கு 4000 எழுத்துகள் வரை இடம் தருகிறார்கள். ஆனால் பக்கத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுவன முதல் சில வரிகள்தான். பலர் அந்த வரிகளில் தம் ஊழியத்தின் வரலாற்றையும் நூல் உருவான கதையையும் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் வாசகருடைய நிலையிலிருந்து தொடங்குங்கள்: இரவில் பலமுறை எழுந்திருக்க வேண்டியவருக்கு, ஜெபிக்க வார்த்தை வராதவருக்கு, கோபப்பட்டுவிட்டுப் பிறகு வருந்துபவருக்கு இந்த நூல் என்று முதல் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

நூலைப் பதிவேற்றும்போது தேடுசொற்களுக்கென்று ஏழு கட்டங்கள் இருந்ததைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் ஆவிக்குரிய நூல், கிறிஸ்தவ தியானம் போன்ற பொதுவான சொற்களை இட்டால் ஆயிரக்கணக்கான நூல்களுக்கு இடையே உங்களுடையது புதைந்துவிடும். முதியோரைக் கவனித்தல், பராமரிப்பவருக்கான ஜெபம், நீண்ட கால நோய், மறதிநோய் உள்ள பெற்றோர் என்று, துயரத்தில் இருக்கும் ஒருவர் உண்மையில் தட்டச்சு செய்யக்கூடிய தொடர்களை இடுங்கள். நூல்வகைகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றில் ஒன்றாவது கிறிஸ்தவப் பிரிவுக்கு வெளியே, குடும்பப் பராமரிப்பு சார்ந்ததாக இருக்கட்டும். இவற்றையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் தயங்க வேண்டாம். அமேசான் எழுத்தாளர்களுக்கென்று நடத்தும் ஆத்தர் சென்ட்ரல் தளத்தில் உங்கள் எழுத்தாளர் பக்கத்தையும், வாசகர்கள் நூல்களைப் பற்றிக் கருத்துப் பகிரும் குட்ரீட்ஸ் தளத்தில் உங்கள் பெயரிலுள்ள பக்கத்தையும் உரிமைகோரிப் பெற்றுக்கொள்ளுங்கள், இரண்டும் கட்டணமில்லாதவை.

மின்னூலை அமேசானில் மட்டும் விற்பதற்கான கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் உங்கள் நூலைச் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் மின்வடிவில் கிடைக்கக் கூடாது. நீங்களாக விலகாவிட்டால் அந்தக் காலம் தானாகவே நீளும். அச்சுநூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. புதியவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: மாதிரியாக நூலின் 10 விழுக்காடு வரைதான் வேறிடங்களில் வெளியிட அனுமதி. ஆகவே நாளுக்கொரு தியானமாக முகநூலில் நூல் முழுவதையும் பதிவிட எண்ணியிருந்தால் அதை நிறுத்திவிட்டு, பதிவுகளுக்கென்று புதிதாக எழுதுங்கள். அத்திட்டத்தில் இருப்பவர் ஒவ்வொரு 90 நாட்களிலும் 5 நாட்கள் மின்னூலை இலவசமாகத் தரலாம். பராமரிப்பவர்களுக்கான ஒரு குழுவுக்கோ மருத்துவமனை ஜெபக்குழுவுக்கோ முன்கூட்டியே தெரிவித்துவிட்டு அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள். அறிவிப்பின்றி இலவசமாக்குவதில் பயன் மிகக் குறைவு.

மதிப்புரையைப் பற்றிக் கேட்டீர்கள். வாசிக்காமல் எழுதப்படும் மதிப்புரை பொய்ச்சாட்சி. அதை அன்போடு மறுத்துவிடுங்கள். அமேசானின் விதிகளும் குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதுவதை அனுமதிப்பதில்லை. பணமோ பரிசோ கொடுத்துப் பெறுவதையும் தடைசெய்கின்றன. இலவசப் பிரதி கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். ஆனால் மதிப்புரை எழுதியே ஆகவேண்டும் என்றோ நல்லவிதமாக எழுத வேண்டும் என்றோ நிபந்தனை விதிக்கக் கூடாது. உங்களை நேரில் அறியாத, ஆனால் இதே சுமையைச் சுமக்கிற சிலரைத் தேடி அவர்களுக்குப் பிரதி அனுப்புங்கள். அவர்களில் ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்து, எந்தத் தியானம் தமக்கு உதவியது, எது உதவவில்லை என்று எழுதினாலும், அது உங்கள் வாசகருக்கு வெறும் புகழ்ச்சியைவிட அதிகம் பயன்படும்.

வசனப் படங்களைப் பொறுத்தவரை, எந்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதே கேள்வி. பழைய மொழிபெயர்ப்புகள் பல பதிப்புரிமைக் காலத்தைக் கடந்தவை. புதியவை அவற்றை வெளியிட்ட அமைப்புகளுக்கு உரியவை. எடுத்துக்காட்டாக, ஆங்கில என்ஐவி (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) மொழிபெயர்ப்பில் 500 வசனங்கள் வரை எழுத்துமூல அனுமதியின்றி மேற்கோள் காட்டலாம்; ஆனால் அவை ஒரு முழு ஆகமமாக அமையக் கூடாது, உங்கள் நூலின் மொத்த உரையில் 25 விழுக்காட்டை எட்டவும் கூடாது, உரிய பதிப்புரிமைக் குறிப்பும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் விதி வேறுபடும் என்பதால், நீங்கள் பயன்படுத்தும் வேதாகமத்தின் உரிமைப் பக்கத்தை வாசித்துவிடுங்கள். வசனங்களைவிடப் பாடல் வரிகளில்தான் சிக்கல் அதிகம். 1779இல் அச்சான ஜான் நியூட்டனின் ‘அமேசிங் கிரேஸ்’ ஞானப்பாட்டை எவரும் எடுத்தாளலாம். வாழும் பாடலாசிரியர்களின் ஆராதனைப் பாடல் வரிகளுக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். சபையில் பாடுவதற்கென்று பெற்ற உரிமம் நூலில் அச்சிட உதவாது.

விளம்பரத்துக்குப் பணம் செலவிடுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பக்கமும் மதிப்புரைகளும் சரியாக அமையாதபோது விளம்பரம் செய்தால், மக்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்கே பணம் கட்டுவீர்கள்.

விளக்குத்தண்டு

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: உங்கள் வாசகர் ஏற்கெனவே இருக்கும் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அதோடு மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைத் தொடங்குங்கள். மற்றவற்றை ஓராண்டுக்கு மறந்துவிடலாம்.

பராமரிப்பில் இருப்பவர்கள் நெடுநேரக் காணொளிகளைப் பார்ப்பதில்லை. கைப்பேசியில், கிடைக்கும் இடைவெளியில், பெரும்பாலும் இரவில் வாசிக்கிறார்கள். பராமரிப்பவர்களுக்கான முகநூல் குழுக்கள் பல இருக்கின்றன. அவற்றில் கிறிஸ்தவக் குழுக்களும் உண்டு, பொதுவானவையும் உண்டு. ஒரு குழுவில் சேர்ந்தவுடன் நூலின் இணைப்பை இடுவது பலர் செய்யும் காரியம்; குழுவை நடத்துபவர் அதை நீக்குவதும் நியாயமே. முதலில் சில மாதங்கள் அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்த அனுபவமும், உறவினர்களிடம் உதவி கேட்கக் கற்றுக்கொண்ட விதமும் உங்களிடம் இருக்குமே, அவற்றைப் பகிருங்கள். உங்கள் பெயரைத் தொட்டுப் பார்ப்பவருக்கு உங்கள் சுயவிவரத்தில் நூல் தெரியும், அது போதும். உங்கள் தனிக்கணக்கில் நண்பர்கள் 5000 பேருக்கு மேல் சேர முடியாது. அத்துடன் குடும்பப் படங்களும் அங்கே இருக்கும். ஆகவே எழுத்துக்கென்று தனிப் பக்கம் ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

மின்னஞ்சலை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சமூக ஊடகத்தில் உங்கள் பதிவு யாருக்குக் காட்டப்படும் என்பதை அந்த நிறுவனம் முடிவு செய்கிறது. மின்னஞ்சல் பட்டியலோ உங்களுடையது, தளம் மாறினாலும் கூடவே எடுத்துச் செல்லலாம். மெயிலர்லைட், மெயில்சிம்ப், சப்ஸ்டாக் போன்ற சேவைகளில் சிறிய பட்டியலைக் கட்டணமின்றித் தொடங்க முடியும். பதிவு செய்பவருக்குச் சிறியதாக ஒன்றைக் கொடுங்கள். தூக்கமில்லாத இரவுகளுக்கான ஏழு ஜெபங்கள் என்று, கைப்பேசித் திரையில் எளிதாக வாசிக்கும் அளவில் ஒரு பிடிஎஃப் போதும். பிறகு மாதத்துக்கு இருமுறை, ஒரே கருத்தைப் பற்றிய சிறு கடிதம் எழுதுங்கள். கடைசி வரியில், உங்கள் வீட்டில் நிலைமை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் எழுதுபவர்களில் இருந்துதான் உங்கள் அடுத்த நூல் பிறக்கும்.

ஒருவருடைய சம்மதமின்றி அவர் முகவரியைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சபை உறுப்பினர் பதிவேட்டிலிருந்தோ ஜெப விண்ணப்ப அட்டைகளிலிருந்தோ முகவரிகளை எடுப்பது நம்பிக்கைத் துரோகமாகும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு வணிக மின்னஞ்சலிலும் பட்டியலிலிருந்து விலகும் வழியும் அனுப்புபவரின் அஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும்; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதி தெளிவான சம்மதத்தைக் கேட்கிறது. வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது என்பதால் இரண்டையும் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடியுங்கள். வீட்டு முகவரியை வெளியிட வேண்டாம். அஞ்சல் பெட்டி எண் ஒன்று பெற்றுக்கொள்ளலாம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநரின் அடையாளச் சரிபார்ப்பைக் கடுமையாக்கியிருக்கின்றன. ஆகவே செய்திமடலைச் சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்பினால் அது குப்பைப் பகுதிக்குப் போகக்கூடும். சொந்த டொமைன் பெயரில் (உங்களுக்கென்று பதிவு செய்த இணையப் பெயரில்) ஒரு முகவரி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் தொடர விரும்புவோருக்கு ஒளிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) ஏற்றது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பெறுபவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியமாட்டா. நோயைப் பற்றிப் பேசும் வாசகர்களைக் குழுவாகச் சேர்த்து எண்களை வெளிப்படுத்துவதைவிட இது மிகவும் நல்லது.

இனி, புதிய எழுத்தாளருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. இப்படிப்பட்ட நூலை எழுதியவருக்கு வாசகர்கள் தம் வேதனையை எழுதுவார்கள். கணவரிடம் சொல்லாததை, போதகரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் சுருக்கமாகவேனும் பதில் எழுதுங்கள். அவருடைய பெயரைச் சொல்லி உண்மையாகவே ஜெபியுங்கள். ஜெபிக்கிறேன் என்று எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஆனால் மருத்துவ ஆலோசனை சொல்லாதீர்கள், மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு ஒருபோதும் பதில் தராதீர்கள். வாழ விருப்பமில்லை என்ற பொருளில் எவரேனும் எழுதினால், அவர் இருக்கும் இடத்திலுள்ள தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும், மருத்துவரையும், அருகிலுள்ள நம்பிக்கைக்குரிய ஒருவரையும் உடனே நாடும்படி எழுதுங்கள். அதற்கான வரிகளை இப்போதே எழுதி வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் தடுமாற மாட்டீர்கள். வந்த கடிதங்களில் ஒரு வரியைக்கூட, பெயரை மறைத்தாலும், எழுதியவரின் அனுமதியின்றிச் சாட்சி என்று வெளியிடாதீர்கள்.

கடுகுவிதை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கேடிபி செலக்டில் சேர்ந்திருக்கிறேன்; 10 விழுக்காடு வரம்பை அறியாமல் தொடர்ப்பதிவு ஒன்றைத் திட்டமிட்டிருந்தேன், இனி பதிவுகளுக்கென்று தனியாக எழுதுவேன். சபையாருக்கும் விளக்கிச் சொல்லிவிடுகிறேன்.

இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. பதிவுகளில் என் மாமனாரைப் பற்றி எவ்வளவு எழுதலாம்? அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அனுமதி கேட்க அவர் இல்லை. அவரைப் பற்றிப் பேசாமல் நூலைப் பற்றிப் பேசுவதும் கடினமாக இருக்கிறது.

ஏட்டுச்சுருள்

உங்கள் கணவரிடமும் அவருடன் பிறந்தவர்களிடமும் கேளுங்கள். அவர்கள்தாம் அந்த நினைவுக்கு உரியவர்கள். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும், அந்தப் பகுதியை நூலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நோய்ப்படுக்கையில் எடுத்த படங்களை எந்தக் காரணத்துக்காகவும் பகிராதீர்கள். அவருடைய உடல் அனுபவித்த இழிவுகளை எழுதுவதைவிட, அந்த நாட்களில் உங்களுக்குள் நிகழ்ந்த போராட்டத்தை எழுதுங்கள். அது நீங்கள் தாராளமாகக் கொடுக்கக்கூடியது, உங்கள் வாசகர் தேடி வருவதும் அதைத்தான். அவர் சொன்ன ஒரு நல்ல வார்த்தையோ, அவர் விரும்பிப் பாடிய ஒரு பாமாலையோ நினைவில் இருந்தால், குடும்பத்தாரின் சம்மதத்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விளக்குத்தண்டு

ஏட்டுச்சுருள் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குடும்பத்தாரிடம் பொதுவாக அனுமதி கேட்காமல், எழுதிய பதிவையே அனுப்பி, இதை வெளியிடலாமா என்று கேளுங்கள். பின்னர் வருத்தம் எழ இடமிராது. அந்த ஏழு ஜெபங்களின் பிடிஎஃப் தயாரானதும் இங்கே தெரிவியுங்கள், சகோதரி. எங்கள் ஜெபக்குழுவில் தம் தாயாரைக் கவனித்துவரும் இருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு அனுப்பிவைக்கிறேன்.